கோபத்துக்கு ஏது கயிறு

துவைக்க எடுத்த மகனின் சட்டைப் பையில் அந்த மஞ்சள் கயிறு கிடந்தது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு, இனிக் குடிப்பதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்து அவன் கையில் கட்டிக்கொண்ட கயிறு. தானாக அறுந்ததா, அறுத்துப் போட்டானா, தெரியவில்லை. காலையில் ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கியவன் இன்னும் வரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்காதே என்று சொல்லி வளர்த்தவர் நீங்கள்தானே.

உங்கள் கையிலும் ஒரு காலத்தில் அதே கோயில் கயிறு இருந்தது. ஊரே உங்களைப் புகழ்ந்தது. வீட்டுக்குள் நடந்தது எனக்குத்தான் தெரியும். குடித்த காலத்தில் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் பொழுதோடு படுத்துத் தூங்கிவிடுவீர்கள். குடியை விட்டதும் நாள் முழுக்க விழித்திருந்து கத்தினீர்கள். மரவள்ளிக் கிழங்கு கொஞ்சம் குழைந்தால் போதும், சட்டி வாசலில் கிடக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, குடிக்குக் கயிறு கட்டுனீங்க. இந்தக் கோவத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போறதுங்க? இதுக்கு நீங்க குடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாமுங்க."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுந்து மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள். பொழுது சாயத்தான் வந்தீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்: "முன்னயெல்லாம் போதையில பேசிட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன் புள்ள. இப்ப எதைச் சொல்றது?"

அதற்குப் பிறகும் கோபம் வராமலில்லை. வந்தால் எழுந்து வெளியே போவீர்கள். சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து, விட்டதையும் சேர்த்துக் கத்திவிட்டுப் போவீர்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் சட்டி எதுவும் உடையவில்லை.

மத்தியானத்திலிருந்து அவனை மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டிருக்கிறேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை. நான் சொல்லும் ஒரு சொல்லில் ரோஷப்பட்டு மறுபடி கடைக்கே போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. கேட்காமல் விடவும் பயம்தான். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை நான். இன்று என்ன உளறுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜீப் வந்துவிட்டது. "ஏம்மா, வாசல்லயே நிக்கிற?" என்றான். கிட்டே போய் மோந்து பார்க்கக் கால் துடித்தது. போகவில்லை.

"கை கழுவிட்டு வா கண்ணு. முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசிக்கலாம்."

குழாயடியில் தண்ணீர் சத்தம் கேட்கிறது. என் குரல் உயரவில்லை. இந்த ஒரு பேச்சைச் சத்தமில்லாமல் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நீங்கள் இதை எத்தனை வருஷம் தினமும் செய்தீர்கள்.