பின்வாசலுக்குப் போன இலை

அன்பு மகள் நிலானிக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷர்வினும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் ஒரு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் பெரியப்பா பக்கத்திலேயே நிற்கிறார்.

உன் தம்பி யசோதரனுக்குப் பள்ளியில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின்-ஈ இருக்கிறதாம். எங்களையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்கு இல்லை, அப்பாவுக்கு இருக்கிறது. கிளினிக் தாதி சலேஹா மலாய்க்காரி, ஆனால் சுங்கை பினாங்கில் வளர்ந்தவள், நம்மைப் போலவே தமிழ் பேசுவாள். ரத்தப் புரதத்தில் சின்ன மாற்றம், நோயில்லை, சயாம்காரர் மலாய்க்காரரிடம் நிறைய, இலங்கையிலும் கொஞ்சம் உண்டு என்றாள். "எனக்கும் இருக்கு லா அக்கா, நாம சொந்தக்காரங்க போல" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பெரியப்பா, "எங்கட ரத்தம் சுத்த யாழ்ப்பாணம், மெஷின் பிழை" என்றார், பிறகு இலங்கையிலும் உண்டு என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு ரப்பர் தோட்டக் கூலி ரத்தம் என்று உன் கல்யாணத்துக்கே வராத மனிதர். இப்போது உன்னிடம் சொல்லக் கூடாதாம், சம்பந்தி வீட்டில் சிரிப்பார்களாம். சிரிக்கட்டுமே. உனக்கும் இது இருந்து ஷர்வினுக்குத் தலசீமியாக் கூறு இருந்தால் பிள்ளைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். அவர் கௌரவத்துக்காக அதை மூடி மறைக்க என்னால் முடியாது.

ஆடி அமாவாசைப் படையலில் ஓர் இலை மட்டும் பின்வாசலுக்கு வெளியே போகுமே, நினைவிருக்கிறதா? மற்ற இலையெல்லாம் சைவம். அதில் மட்டும் தேங்காய்ப்பாலில் வெந்த புளுட் ஒட்டரிசியும் பொரித்த நெத்திலியும். கேட்டால் காவல் தெய்வத்துக்கு என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எந்தக் காவல் தெய்வம் சயாம்காரர் மலாய்க்காரர் சாப்பிடும் புளுட் கேட்கும்? இந்த வீட்டில் சமைத்து, பிள்ளை பெற்று, அப்பா வரைக்கும் இந்த ரத்தத்தைத் தந்து, செத்த பிறகும் உள்ளே வர விடாத ஒருத்திக்குத்தான் அந்த இலை, வேறு யாருக்கு? நேற்று அமாவாசை. அதை உள்ளே கொண்டுவந்து மற்ற இலைகளோடு வைத்தேன். பெரியப்பா எழுந்து போய்விட்டார். அப்பா அந்த இலையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

குழந்தைக்கு வைக்க முன்னோர் பெயர்கள் என்று பெரியப்பா அனுப்புவார். அவள் பெயர் அதில் இருக்காது. யாருக்கும் தெரியாது.

நாளைக்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடு, ஷர்வினையும் கொடுக்கச் சொல். முடிவு எதுவானாலும் எனக்குத் தனியாக அனுப்பாதே, குடும்ப வாட்ஸ்அப்பிலேயே போடு.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா,
சற்குணம்
டத்தோ கிராமாட், பினாங்கு