முஷ்டி என்றால் நிறுத்து

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், காயப்போட்ட சட்டையெல்லாம். அப்பாவை நேற்று மனநல வார்டில் சேர்த்தாயிற்று. மறதி நோய்க்காரருக்கு எங்கும் இடமில்லை. பொது மருத்துவத்தில்: "இது சைக்யாட்ரி கேஸ்." சைக்யாட்ரியில்: "வயசானவர் சார், மெடிசின்ல காட்டுங்க." நடுவில் சக்கர நாற்காலியில் அவர், சட்டைப் பொத்தான் போடாமல்.

கண்ணாடியையும் பல்செட்டையும் "பாதுகாப்புக்காக" வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்க்கவும் மெல்லவும் முடியாத மனிதருக்குக் குழப்பம் அதிகமாம். இருக்காதா.

வாங்க: டயப்பர், வாழைப்பழம், என் பிரஷர் மாத்திரை.

துபாயிலிருந்து தம்பியின் வாய்ஸ் மெசேஜ். "நீதாண்ணா படிச்சவன், நீ பேசுனா கேப்பாங்க." படித்தவன் பேச்சு எடுபட்ட இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் பாடம் நடத்தும் கல்லூரி உட்பட.

ஜூன் 4, புதன்

அப்பாவின் கைகளைக் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள், பேண்டேஜ் துணியால். ஊசியும் போட்டிருக்கிறார்கள். வாயோரம் எச்சில். பக்கத்துக் கட்டில்காரரைப் பெட்ஷீட்டோடு தூக்கும்போது அப்பா முஷ்டியை உயர்த்தி அடிக்க வந்தாராம்.

அடிக்க அல்ல. துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டியவர். விரலை மேலே சுழற்றினால் தூக்கு, கீழே சுழற்றினால் இறக்கு. முஷ்டி என்றால் நிறுத்து, சரக்கு ஆடுகிறது. ராயபுரம் வீட்டில் சோறு போதும் என்பதற்கும் முஷ்டிதான். அம்மா கரண்டியை எடுத்துவிடுவாள்.

டாக்டரிடம் சொன்னேன். சின்ன வயதுக்காரர். இரண்டு நர்ஸை வைத்துக்கொண்டு முழு வார்டையும் பார்க்கிறோம், விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல். பக்கத்தில் ஆள் இருந்தால் கட்டை அவிழ்க்கலாமாம். சரி, நான் இருக்கிறேன் என்றேன். பார்வை நேரத்துக்கு மேல் உறவினருக்கு அனுமதி இல்லையாம்.

ஜூன் 5, வியாழன்

இனி பார்வை நேரத்திலும் என்னை உள்ளே விடமாட்டார்கள். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஸ்கேனுக்குக் கொண்டுபோக வந்தார்கள். பெட்ஷீட்டின் நான்கு மூலைக்கு நான்கு பேர். இப்போது அப்பாவின் கைகள் ஒன்றோடொன்று கட்டியபடி. தூக்கியதும் ஒரு மூலை நழுவியது. அப்பாவின் தலை கட்டில் கம்பியை நோக்கி. கட்டிய கைகளை உயர்த்தப் பார்க்கிறார், முடியவில்லை.

என் முஷ்டி உயர்ந்தது. யோசித்துச் செய்ததல்ல.

நின்றுவிட்டார்கள். "இன்னா சார், அடிக்கப் போறியா?" என்றான் அட்டெண்டர். "அப்பன் மாதிரியே புள்ளையும் பேஜாரு." செக்யூரிட்டி வந்து என் தோளைப் பிடித்தான். நழுவிய மூலையைச் சரியாகப் பிடிக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.

பிறகு விரலைக் கீழே சுழற்றினேன். நான்கு பேருக்கும் புரியவில்லை. அப்பா கைகளை இழுப்பதை விட்டார். சேர்த்ததிலிருந்து வாய் திறக்காதவர், என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது சொன்னார்:

"மெள்ள எறக்கு நைனா. கீழ ஆளு கீறான்."