உன் வேனில் நான் சுற்றிய டேப்

என் உயிர் மச்சான் குணா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் படத்துக்கு முன்னால் நின்று பலமுறை பேசப் பார்த்தேன், வாய் வரவில்லை. எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். வண்டி ஓட்டுகிறவர்களும், என்னைப்போல் வண்டி பார்க்கிறவர்களும் கட்டாயம் படிக்கட்டும்.

நீ யாரென்று அவர்களுக்குத் தெரியாதே. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில், காலையில் பதினொரு பெண்களை வீடு வீடாக ஏற்றி, ஈப்போ பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவாய். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாய். வாசலில் நின்று ஹார்ன் அடிக்கவே மாட்டாய். “தூங்குற புள்ளைங்க எழுந்திரும்லா” என்று இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவாய். முட்டிவலிக்கார லெட்சுமி அக்கா ஏறுவதற்காகவே ஒரு மரப்பெட்டியை வேனுக்குள் வைத்திருந்தாய்.

அன்று நீ எண்ணெய் மாற்றத்தான் என் பட்டறைக்கு வந்தாய். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். இடது சக்கரத்துக்குப் பின்னால், ஸ்டியரிங் கம்பியின் மூட்டு இணைப்பை மூடியிருக்கும் ‘பூட்’ என்கிற ரப்பர் உறை கண்ணில் பட்டது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்குமே, அதில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் தெறித்துக் கிடந்தது. அதன்மேல் செம்மண். செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில்தான் நீ தினமும் போய்வந்தாய்.

“மச்சான், பூட் கிழிஞ்சிருக்கு. மாத்தணும். சாமான் இங்க இல்ல, நாளைக்குத்தான் வரும்” என்றேன்.

“நாளைக்கு வண்டிய நிறுத்துனா அவங்கள யாரு ஏத்துறது? தீபாவளி முடிஞ்சு வாரேன்லா. இப்போதைக்கு எதையாவது சுத்தி விடு.”

நானும் சுற்றிவிட்டேன். கறுப்பு டேப், நாலைந்து சுற்று. மேலே ஒரு பிளாஸ்டிக் கட்டு. சக்கரத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தால் மூட்டு தேய்ந்திருப்பது அப்போதே தெரிந்திருக்கும். ஆட்டவில்லை. ஏன் ஆட்டவில்லை? நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பசியோடு இருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை மச்சான்.

தீபாவளியும் வந்தது. உன் வீட்டில் உட்கார்ந்து உன் மனைவி புஷ்பா சுட்ட முறுக்கைத் தின்றேன். வேன் வாசலில்தான் நின்றது. நான் குனிந்து பார்க்கவில்லை. நீயும் நினைவுபடுத்தவில்லை.

தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், மழை பெய்த ஒரு சாயங்காலம், பதினொரு பேரையும் இறக்கிவிட்டு நீ தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். வேன் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

மழையில் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நொறுங்கிய வேனை இழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு நான் மட்டும் போனேன். இடது சக்கரம் தனியாகத் திரும்பிக் கிடந்தது. மூட்டுக் குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றிருந்தது, முழுக்கத் துரு. என் டேப் அப்படியே இருந்தது. கத்தியால் அறுத்தேன். உள்ளேயிருந்து கலங்கல் தண்ணீர் என் கையில் வழிந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கத்தானே சுற்றினேன்? உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் அது தேக்கி வைத்திருந்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் புஷ்பா எனக்குக் காப்பி கொடுத்தாள். “உங்கள நம்பித்தாண்ணே அவரு வண்டிய ஓட்டுனாரு” என்றாள். அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. சொல்ல எட்டு மாதம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புஷ்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. துணியை ஓரமாக வைத்துவிட்டு, “போங்கண்ணே” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவளுக்கு உரிமை.

பட்டறையை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூடினால் யாருக்கு என்ன நல்லது? அவளிடம் சொன்ன மறுநாளே ஒரு முடிவுக்கு வந்தேன். என்ன வேலைக்கு வண்டி வந்தாலும் முதலில் முன்சக்கரம் இரண்டையும் தூக்குவேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் பூட்டின் மடிப்புகள் விரியும். டார்ச் அடித்து ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விலக்கிப் பார்ப்பேன். வெடிப்பு, ஈரம், தளர்ந்த கிளிப், எதுவும் தப்பக்கூடாது. பிறகு சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவேன். மூட்டு ஆடினால் சாவி என் சட்டைப்பையில்.

சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். “எண்ணெய் மாத்த வந்தா சாவிய புடுங்குற, நீ என்ன போலீஸா?” என்று ஒரு லாரிக்கார அண்ணன் கத்தினார். சாப்பாட்டுக் கடை பாய் ஒருவர் கல்யாணப் பிரியாணி ஏற்றிய வேனோடு டயருக்குக் காற்றடிக்க வந்து மாட்டிக்கொண்டார். மூட்டு ஆடியது.

“ஒரு மணிக்குப் பந்தி, மணியம்! என் மானம் போயிரும்!”

“மானம் போகாது பாய். சட்டிய என் வண்டியில ஏத்துங்க, நான் ஓட்டுறேன்.”

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். பந்திக்கு நேரத்தோடு போய்விட்டோம். அடுத்த வாரம் தன் தம்பியின் வேனையும் அவரே அனுப்பிவைத்தார்.

இனி உனக்குச் சொல்ல வந்த சேதி. போன சனிக்கிழமை காலை ஒரு பழைய வெள்ளை வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது புஷ்பா. ஆள் ஏற்றும் லைசன்ஸ் எடுத்துவிட்டாள் மச்சான்! உன் பதினொரு பேரில் எட்டுப் பேர் அவளோடு போகச் சம்மதித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் ஓட்டம்.

“வேற பட்டறை இல்லையாம்மா?” என்றுதான் கேட்டேன்.

“இருக்கு. ஒருத்தன் நின்னபடியே பாத்துட்டு, ‘ஓக்கே லா அக்கா, போலாம்’னுட்டான். அவனுக்கு என்ன பயம்? நீங்க பயப்படுவீங்க. அதான் வந்தேன். பாருங்க.”

தூக்கிப் பார்த்தேன். வலது பூட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அவளும் டார்ச்சை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் படுத்தாள்.

“அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சாண்ணே?”

“இதவிட மோசம். ரெண்டு வெரலு போகும்.”

அவள் அந்த வெடிப்பின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

நல்லவேளை, மூட்டு திடமாக இருந்தது. பழைய பூட்டைக் கழற்றி, துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, மடிப்பு முறுக்காமல் புதியதை ஏற்றினேன். கடைசிக் கிளிப்பை அவளே இறுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க. வண்டிய மட்டும் பாருங்க.”

“பாக்குறேன்மா.”

திங்கட்கிழமை நானும் சாலையோரம் நின்று பார்த்தேன். நேராகப் போனது மச்சான். அவள் என்னைப் பார்த்துக் கை காட்டவில்லை. அதைப்பற்றி எனக்கு வருத்தமில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? என்னை அடித்திருப்பாயா, சிரித்திருப்பாயா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாதம் ஒருமுறை அந்த வேனின் சக்கரங்கள் என் பட்டறையில் உயரும். அவசரம் என்று அவளே கெஞ்சினாலும், நானே பார்த்து முடிக்காமல் சாவியைக் கொடுக்கமாட்டேன். ஒருநாள் எனக்குக் கண் மங்கி மடிப்பு தெரியாமல் போகலாம். அன்று அதை முதலில் அவளிடம்தான் சொல்வேன். உன் வீட்டாரிடம் இனி எதையும் நான் மறைக்கமாட்டேன்.

இன்னும் உன் உறவென்று சொல்லிக்கொள்ளும்,
உன் மச்சான் மணியம்