முன்வரிசைப் பெண்கள்

மார்ச் 3

அன்பும் குறும்பும் குறையாத அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

நானும் என் தறியும் நலம். உன் தொண்டை நலமா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நேற்று எங்கள் ஆலையின் சுற்றுச்சுவர் முழுவதும் உன் முகத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாய் திறந்து, விரல் நீட்டி நிற்கிறாய். வேலைக்குள் நுழையும்போதெல்லாம் நீ என்னைத் திட்டுவதுபோல் இருக்கிறது. கீழே நீயே புனைந்த முழக்கம்: "வெளியாரே வெளியேறுக!" மோனை உனக்கு எப்போதும் கைகட்டி நிற்கும். அந்தச் சொல்லுக்குள் யார் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தாயா?

எங்கள் தறிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர், எல்லைக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்தவர். நெடுநெடுவென்று வளர்ந்தவர் என்பதால் 'குச்சி' என்று கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார். என் கை தறியில் சிக்கிய அன்று, சுழலும் வார்ப்பட்டையைத் தோளால் முட்டித் தள்ளித் தறியை நிறுத்தியவர் அவர். இதை எழுதும் விரல்கள் அவர் மீட்டுத் தந்தவை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அத்தனை தறிகளும் ஒருசேர ஓடும் கூடத்தில் குரலுக்கு வேலை இல்லை. நாங்கள் உதட்டை அசைத்துப் பேசுகிறோம்; அசைவைப் படித்துப் புரிந்துகொள்கிறோம். உனக்குச் சொல்லப்படாததைப் படிக்காதே, கண்ணைத் திருப்பிக்கொள் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அப்படி ஆண்டுக்கணக்கில் பழகிய பெண்களை நான் அறிவேன். நீ என் அண்ணன் என்பதைப் பக்கத்துத் தறிப் பெரியக்காவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் கூடத்திலிருந்து உன் கட்சிக்கு ஒரு வாக்குகூட விழாது. பந்தயம் கட்டுகிறாயா?

வெந்நீர் குடி. கத்தாதே.

உன் அன்புத் தங்கை

* * *

மார்ச் 11

என் உயிரனைய தங்கைக்கு அண்ணனின் வாழ்த்து.

ஒரு மேடைக்கும் மறு மேடைக்கும் இடையே, ஓடும் ஊர்தியில் எழுதுகிறேன். எழுத்து ஆடினால் சாலையைத் திட்டு, என்னைத் திட்டாதே. தொண்டைக்கு வெந்நீர், நெஞ்சுக்கு உன் கடிதம் என்றுதான் இந்த நாள்கள் ஓடுகின்றன.

எந்த மனிதனையும் நான் வெறுப்பவன் அல்லன். கொள்கை வேறு, உங்கள் குச்சி வேறு. தன் வீட்டுக் கதவைத் தாழிடுகிறவன் தெருவில் போகிறவர்மேல் பகை கொண்டவனா? இல்லை! உள்ளே பசித்திருக்கும் பிள்ளைகளுக்குக் கடன்பட்டவன்!

கண்ணைத் திருப்பிக்கொள்ளும் சட்டத்தைப் பற்றி எழுதினாய். அந்தச் சட்டம் உன்னைத்தான் ஏமாற்றுகிறது, அம்மா. சென்ற ஞாயிறு நான் பேசிய கூட்டத்தில், உங்கள் ஆலைச் சீருடையோடு முன்வரிசையில் அமர்ந்திருந்த பெண்கள் யார் என்று கேட்டுப் பார். நான் "வெளியாரே" என்றேன். "வெளியேறுக" என்றது அவர்கள் குரல். உதட்டை மட்டுமே அசைக்கத் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது?

பந்தயத்தை ஏற்றேன்.

என்றும் உன் அண்ணன்

* * *

மார்ச் 19

அண்ணனுக்கு,

சட்டத்தை மீறினேன். உன் கடிதம் வந்த மறுநாள், இடைவேளையில் ஓய்வறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, எனக்குச் சொல்லப்படாததைப் படித்தேன். நூல் சுற்றுகிறவள் உன்னைப்போல் விரல் நீட்டி நடித்துக் காட்டினாள். "குச்சிய முதல்ல ஒடிக்கணும்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபின் பெரியக்கா வாய் திறந்தாள்: "என் ஓட்டும் அதுக்குத்தான்."

எனக்குக் காய்ச்சல் என்றால் என் தறியையும் சேர்த்து ஓட்டுகிறவள் பெரியக்கா. ஃபிட்டரின் பிள்ளைகளுக்கென்று தன் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தவளும் அவளே. போர்வை எதற்கு என்கிறாயா? உன் முழக்கம் அவர் தெருவில் ஒலித்த மறுநாள், வீட்டுக்காரர் அவர்கள் பெட்டிகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். இப்போது அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். போர்வை கேட்கப் போனபோது நான் சொன்னதால் பெரியக்காவுக்கும் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. உனக்கும் எழுத மாட்டேன்.

நேரே போய்க் கேட்டேன்.

"என்னக்கா, நீயுமா?"

"ஒளிஞ்சு நின்னு பாத்தியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"என் வெக்கம் இருக்கட்டும். குச்சி உனக்கு என்ன கெடுதல் பண்ணாரு?"

"அவன் தங்கம்டி. யாரு இல்லேன்னா? பசின்னு வந்து நின்னா என் தட்டையே எடுத்துக் குடுப்பேன்."

"அப்புறம் என்ன?"

"தட்டு வேற, ஓட்டு வேற. என் மகன் ரெண்டு வருசமா வேலைக்குன்னு இந்த கேட்டுல நின்னு நின்னு திரும்புறான். அதப் பத்தி உங்க அண்ணன்தான் பேசுறாரு. நீ ஒரு நாள் பேசினியா?"

நான் ஒரு நாளும் பேசியதில்லை. எனக்கு இன்னும் எரிவது அதுதான்.

அண்ணா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேர்தல் முடியும்வரை எங்கள் ஆலைப் பக்கம் பேச வராதே. கொள்கையை விடு என்று சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் படுக்கும் இடம் அவர்களுக்கு மிஞ்சட்டும்.

தங்கை

* * *

மார்ச் 27

அருமைத் தங்கைக்கு,

சினம் உனக்கு அழகு. அது நம் குடும்பச் சொத்து. ஆயினும் உன் வேண்டுகோளை ஏற்க இயலவில்லை. நேற்று மாலை உங்கள் ஆலை வாயிலிலேயே பேசினேன். நீ உள்ளே தறியோடு இருந்திருப்பாய்; கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

நீ எழுதாவிட்டால் செய்தி எனக்கு எட்டாதா? "உழைக்கக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு வாயிலில் நிற்கவும் இடமில்லை! பின்புறத்துக் கழிவு நூல் கிடங்கிலோ வெளியார் குடித்தனம் நடக்கிறது!" என்றேன். கடலெனப் பொங்கியது கூட்டம். பெயரை நான் சொல்லவில்லை. என் நாகரிகத்தை நீ மெச்ச வேண்டும்.

செய்தி சொன்னவர் உன்மேல் பேரன்பு உடையவர். "அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க, ரொம்ப இளகின மனசு" என்று என்னிடமே பரிந்து பேசினார். இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருக்க உனக்கு என்ன குறை?

வெற்றி நம் வாயிலில் நிற்கிறது.

உன் அண்ணன்

* * *

ஏப்ரல் 9

பேச்சாளர் அவர்களுக்கு,

வென்றீர்கள். பந்தயத்திலும் வென்றீர்கள்.

நீங்கள் பேசிய மறுநாள் காலை, ஆலைக் காவலர்களும் உங்கள் தொண்டர்களும் கிடங்கைத் திறந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. உங்கள் நாகரிகம் அங்கும் இருந்தது. துணிகளை மடித்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். பெரியக்கா ஓடிவந்து அந்தப் பிள்ளைகளின் தலையைக் கோதிவிட்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். நடித்திருந்தால், அவளை வெறுக்கும் வசதியாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

அப்போது உங்கள் தொண்டர் ஒருவர் என்னைக் கண்டுகொண்டார். முகச்சாயலா, நீங்கள் சொல்லியனுப்பியதா, அறியேன்.

"ஏய், அண்ணனோட தங்கச்சி நிக்கிறாங்க, வழி விடுங்கப்பா!"

ஃபிட்டர் பெட்டியைக் கீழே வைத்தார். "எந்த அண்ணன்?"

"போஸ்டர்ல இருக்காரே, அவருதான். வேற யாரு!"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாங்க இங்க இருக்கறத நீங்களாக்கா சொன்னீங்க?"

சொன்னது நான்தானே? போர்வைக்காகச் சொன்னேன், நம்பிச் சொன்னேன், உங்களிடம் அல்ல, அவளிடம் சொன்னேன். இத்தனையையும், பெட்டியோடு நிற்கும் ஒருவருக்கு எந்தத் தமிழில் விளக்குவது? நம் அப்பா உங்களுக்கும் எனக்கும் கற்றுத்தந்த மொழி முழுவதையும் துழாவினேன்.

"ஆமா" என்றேன்.

"சரிங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டார். மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். எந்தத் திசையில் போனார்கள் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

பெரியக்காவின் மகன் இன்னும் வாயிலில்தான் நிற்கிறான். ஃபிட்டர் வேலைக்கு உங்கள் கட்சிச் செயலாளரின் மைத்துனர் வந்திருக்கிறார். தறியைக் கண்டால் தள்ளி நிற்கிறார். பழுதானால் எங்களைத் திட்டுகிறார். இதையும் ஒரு மேடையில் பேசுங்கள், கைதட்டுவார்கள்.

வேறு தறிக்கு மாற்றும்படி மேலாளரிடம் கேட்டேன். "எல்லாத்துலயும் ஆள் இருக்கும்மா" என்றார். ஆகவே நாளையும் பெரியக்காவின் பக்கத்தில்தான் நிற்பேன். அவள் தன் மகனைப் பற்றிச் சொல்வாள், என் உடம்பைப் பற்றிக் கேட்பாள், நான் தலையாட்டுவேன்.

இனி எனக்கு எழுதாதீர்கள். உங்களை விட்டுவிட என்னால் முடிகிறது. நீங்கள் தொலைவில் இருக்கிறீர்கள்.

தறி ஓட்டுபவள்