பதின்மூன்று டிக்

பிப்ரவரி 3, செவ்வாய்

என் டைல்ஸ் கடை குடோனில் நான் ஒளிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை இன்று தங்கை பார்த்துவிட்டாள். பகல் மூன்று மணி. தரை டைல்ஸ் அடுக்குக்குப் பின்னால், கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு முழு கேக்கை முடித்து இரண்டாவதில் இருந்தேன். பசியே இல்லை. காலி உறைகளை உடைந்த டைல்ஸ் பெட்டிக்குள் திணித்து வைப்பேன். அதையும் பார்த்தாள்.

"எத்தனை வருஷமாக்கா?"

"நீ பில் போட வந்தியா, என்னைத் துப்பறிய வந்தியா?" என்று பாய்ந்தேன்.

அவள் பதிலுக்குப் பாயவில்லை. பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பதினோரு வருஷம். அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

தங்கை பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துப்போனாள். கட்டுப்பாடு இல்லாமல் உண்பது ஒரு நோய், அதற்குப் பெயர் இருக்கிறது என்றார் அவர். "மன உறுதி இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா." மன உறுதியா? தலையில் டைல்ஸ் சுமந்த தெருவிலேயே கடை போட்டவள் நான். ஆனாலும் இதை ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்திருக்கிறது. திரும்பி வரும்போது தங்கை முகத்தைப் பார்க்க முடிந்தது.

புதன்தோறும் குழுவாக உட்கார்ந்து பேச வேண்டுமாம். பேசினால் தீருமா? பார்ப்போம்.

பிப்ரவரி 11, புதன்

பிசியோதெரபி கூடத்துக்கு அடுத்த அறை. வட்டமாக ஏழு நாற்காலி; நாங்கள் ஆறு பேர், ஆலோசகர் ஒருவர். தரை டைல்ஸில் இரண்டு ஷேட், ஒரே நிறத்தில் இரண்டு சாயல். எவனோ பெட்டியில் உள்ள லாட் நம்பர் ஒன்றுதானா என்று பார்க்காமல் ஒட்டியிருக்கிறான். முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடையைச் சொல்லக் கூடாதாம், எதை எவ்வளவு தின்றோம் என்றும் அடுக்கக் கூடாதாம். எண் இல்லாமல் என்ன பேச்சு?

மலை மாதிரி இருந்த பஸ் டிரைவர் சொன்னார்: "வீட்ல நான் சாப்பிடுறதைப் பார்த்துட்டு மாமியாரே, 'என்ன மாப்ள, கோழி மாதிரி கொறிக்கிறீங்க'ன்னு வருத்தப்படுறாங்க. டிப்போ பக்கம் வந்து பார்த்தா இல்ல தெரியும் கோழி எவ்ளோ முழுங்குதுன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று குடோன் பக்கம் போகவில்லை. ஆசை இல்லாமல் அல்ல.

பிப்ரவரி 18, புதன்

குழுவில் பேசிவிட்டேன். கேக் உறைகளை ஒளித்ததைச் சொன்னேன். எதிரே இருந்த பாட்டு டீச்சர், "நான் ஹார்மோனியப் பெட்டிக்குள்ள வெப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பதினோரு வருஷ பாரத்தில் ஒரு பெட்டியை யாரோ தலையிலிருந்து இறக்கிவிட்டது போல இருந்தது.

பிப்ரவரி 25, புதன்

ஆலோசகர் போனபிறகு மாடிப்படியில் ஐவரையும் நிறுத்தினேன். என் விற்பனை ஆட்களுக்கு வைப்பது போல ஒரு சார்ட், போனிலேயே. ஒளிந்து தின்னாமல், தவறாமல் இருந்த நாளுக்கு ஆளுக்கொரு டிக். டார்கெட் இல்லாமல் யார் உருப்படியாக ஓடியிருக்கிறார்கள்?

"ஜெயிச்சா என்னக்கா தருவீங்க?" என்றார் டிரைவர்.

"உங்க வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ்."

"அப்போ மாமியாரும் சேந்துக்குவாங்க!"

மார்ச் 1, ஞாயிறு

காரை ஓரங்கட்டித் தின்றேன். கையைத் துடைத்துவிட்டு டிக் அனுப்பினேன். டிரைவர் கைதட்டும் படம் அனுப்பியிருந்தார். சே.

மார்ச் 11, புதன்

டிரைவர் வரவில்லை. காலையில் அவரிடமிருந்து செய்தி: "அக்கா, பதிமூணு நாளும் டிக் போட்டேன். பாதி பொய். மீதி நாள் டார்கெட்டுக்காகப் பட்டினி. நேத்து ஸ்டியரிங்ல கண்ணு இருட்டிடுச்சு. ஓரமா நிறுத்திட்டேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்க எல்லாம் சரியா இருக்கீங்க, எனக்கு மட்டும்தான் முடியலை. இனி வரமாட்டேன்."

பஸ் நிறைய ஆட்கள். என்ன காரியம் பண்ணி வெச்சேன்! என் டிக்கைப் பார்த்துத்தானே அந்த மனுஷன் தன்னைக் கேவலமா நினைச்சிருக்கான்?

குழு அறையில் செய்தியைப் படித்தேன். "என் பதிமூணுல நாலு பொய்" என்றேன். டீச்சர், "எனக்கு ஆறு" என்றார். மூலையிலிருந்த தையல்காரர், "நான் ஒண்ணுகூட நெசமாப் போடலை" என்றார். மற்ற இருவரும் ஒத்துக்கொள்ள, சிரிப்பும் அழுகையுமாக ஆகிவிட்டது.

ஆலோசகர் திட்டவில்லை. "நாளெல்லாம் பட்டினி போட்டா உடம்பு சும்மா இருக்காது, மொத்தமாக் கேக்கும். எண் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான். டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவர்கிட்ட நான் பேசறேன். ஆனா அந்த நாலு பொய்யை நீங்கதான் சொல்லணும்."

சார்ட்டை அங்கேயே அழித்தேன்.

மார்ச் 12, வியாழன்

டிரைவரை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 14, சனி

எடுத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"நாலு பொய்யா? நீங்களா?"

"நானேதான், தம்பி."

"கடைக்காரம்மாவே பொய் பில் போட்டா நாங்க எங்க போறது?" சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ நான் மட்டும் இல்லையா?"

"ஒருத்தர்கூட மிச்சம் இல்ல. மன்னிச்சிடுப்பா. உன்னைப் பட்டினி போட்டது நான்தான்."

போனை வைத்துவிட்டார்.

மார்ச் 18, புதன்

வந்தார். பத்து நிமிடம் தாமதம். வாசலில் நின்று, "கோழி திரும்பி வந்துடுச்சு" என்றார். டீச்சர் எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். டாக்டர் சொல்லும்வரை டிப்போவில் எழுத்து வேலையாம்.

என் வாழ்க்கையில் இறங்கிய எந்தச் சரக்குக்கும் இவ்வளவு நிம்மதிப்பட்டதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று மறுபடி தவறினேன். ஆனால் ஒளிக்கவில்லை. தங்கையிடம் அப்போதே சொன்னேன். "சரிக்கா, வா, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே" என்றாள். கடை முன்மேசையில், வாடிக்கையாளர்கள் போகவர, இருவரும் சாப்பிட்டோம். இவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

மார்ச் 25, புதன்

டிரைவரும் நானும் ஆலோசகர் முன்னால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான். கை பரபரக்கும்போது ஒருவர் மற்றவரைப் போனில் அழைக்கலாம். தவறிய பிறகும் அழைக்கலாம். நான் வியாபாரத்தில் இருந்தாலும் எடுக்க வேண்டும்; அவர் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கினால், நிறுத்திய பிறகு திருப்பி அழைக்க வேண்டும். வேளைக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று மட்டும் கேட்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று வரம்பு கிடையாது.