திருப்பூரில் பனி பெய்யாது

5-7-99, திங்கள்

காலையிலிருந்து சாரல். சூலூரிலிருந்து காந்திபுரம் வரை நின்றபடியே பயணம். குடைக்கம்பி இரண்டு போச்சு.

புது வேலை: திருப்பூர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வெப் பேஜ். சனிக்கிழமை காட்ட வேண்டும். ஆசையாக நோட்டை எடுத்துக்கொண்டு போனால் எம்.டி. (ஐந்து பேர் உட்காருகிற மாடி அறைக்கு ஒரு எம்.டி.) ஃப்ளாப்பியை நீட்டுகிறார். உள்ளே ஏதோ வெளிநாட்டுக் கம்பளிக் கடையின் பக்கம், படங்களோடு முழுசாக.

"இதை அப்படியே எடுத்துக்கோ கோமதி. பேரை மட்டும் மாத்திப்போடு."

"காப்பி அடிக்கறதுங்களா சார்?"

"காப்பி இல்லம்மா. இன்ஸ்பிரேஷன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அந்தப் பக்கத்தில் மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே பனி கொட்டுகிறது. திருப்பூர்க்காரருக்குப் பனி எதற்கு என்று கேட்டேன். அதுதான் கேட்ச்சியாக இருக்கிறதாம்.

கோபத்தில் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைப் பக்கத்து சீட் ஜெயந்தியிடம் தள்ளிவிட்டேன். மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்தது அடுத்தவன் பக்கத்தில் பேர் மாற்றவா?

திரும்பும்போது பஸ்ஸில் வீம்புக்கு எழுதியது. இன்று கண்ணில் பட்டவை:
– ஜவுளிக்கடையில் சேலையை ஒரே உதறலில் விரித்த விதம். பக்கம் அப்படித் திறந்தால்?
– லாரித் தார்ப்பாய் காற்றில் உப்பி அடங்கியது.
– கண்டக்டர் விரலிடுக்கில் நாலு நிறத்தில் டிக்கெட் கட்டு.
இதில் எது பனியைவிட மட்டம்?

6-7-99, செவ்வாய்

திருப்பூர். சாம்பிள் துணி வாங்கி வரத்தான் அனுப்பினார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் நொய்யல் ஆறு சாயத்தண்ணீரில் ஊதா. "நேத்து பச்சையா ஓடுச்சு" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர், ஏதோ மழை நிலவரம் சொல்வதுபோல. யாருக்கும் கோபம் வருவதில்லை. எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் வருகிறது.

பனியன் கம்பெனியின் டையிங் மாஸ்டர் (சாயம் போடுகிறவர்) ரங்கசாமி. ஐம்பது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் நீலம். ஷேடு புத்தகம் காட்டினார்: விரலளவு துணித் துண்டுகள், பக்கத்துக்குப் பன்னிரண்டு, கீழே நம்பர். கறுப்பு மட்டும் ஒன்பது வகை. நான் ஒரு மெரூனை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்க்க, கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"லைட்டு வெளிச்சத்துல ஷேடு பாக்கப்படாதுங்க அம்மணி. சித்தெ இப்படி சன்னலுக்கு வாங்க."

சன்னலோரம் அதே துணி வேறு மெரூன். நிஜமாகவே வேறு. "துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க அவங்க ஊர்ல லைட்டு போட்டு பாத்துப்போட்டு, கலர் மாறிப்போச்சுன்னு கடுதாசி போடறாங்க. என்ன சொல்லிப் புரியவெக்கறதுங்க?"

பக்கத்துக்கு ஐடியா கிடைத்துவிட்டது. எதையும் யோசிக்காமல் கிடைத்தது. பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

8-7-99, வியாழன்

நேற்றும் இன்றும் இதே வேலை. எம்.டி.யின் பனிப் பக்கத்தை அரை மணியில் பேர் மாற்றி வைத்துவிட்டேன். மீதி நேரம் என்னுடையது.

திரையில் ஒரு டி-சர்ட். இடது ஓரம் சன்னல், வலது ஓரம் டியூப் லைட். கீழே பன்னிரண்டு துணித் துண்டுகள், ஸ்கேன் செய்தது. துண்டைத் தொட்டால் சட்டை அந்த நிறம். மவுஸை சன்னல் பக்கம் கொண்டுபோனால் வெயிலில் தெரிகிற நிறம், வலப்பக்கம் வந்தால் டியூப் லைட் நிறம், நடுவில் நிழல். 12 x 3 = 36 படம். ஒரு பிரவுசரில் ஓடுகிறது, இன்னொன்றில் சட்டையே காணோம். மாலைக்குள் அதையும் சரிசெய்தேன்.

ஜெயந்தி பத்து நிமிடம் விளையாடினாள். "ஏனுங்க்கா, இதை யாரு சொல்லிக் குடுத்தா?" யாருமில்லை என்று சொன்னபோது எவ்வளவு சந்தோஷம்.

எம்.டி. பார்த்தார். ஒரு நிமிடம்கூட இல்லை. "சொந்தமா எல்லாம் எதுக்கும்மா இழுத்துவிட்டுக்கறே? கஸ்டமருக்கு ஃபாரின் லுக்தான் வேணும். பனியையே காட்டலாம்."

அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.

10-7-99, சனி

காட்டும் நாள். சாரல் விட்டு நல்ல வெயில். பனியன் கம்பெனி முதலாளி வந்தார், கூடவே ரங்கசாமி மாஸ்டர். கையில் துணித் துண்டுகள்.

மாஸ்டர் மானிட்டரைப் பார்த்தார், மேலே டியூப் லைட்டைப் பார்த்தார். "இதைச் சன்னலுக்கு எடுத்துட்டு வாங்க."

எம்.டி.க்குப் புரியவில்லை. மாஸ்டர் விடவில்லை. நானும் ஜெயந்தியும் மானிட்டரைத் தூக்கி, ஒயர் எட்டாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி, சன்னல் திட்டில் வைத்தோம். வெயிலில் திரை மொத்தமும் வெளுப்பு. ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டர் தோள் துண்டை எடுத்துத் தலையோடு மானிட்டரையும் மூடிக்கொண்டார். எம்.டி. மவுஸை நகர்த்தினார். உள்ளேயிருந்து குரல்:

"ஏனுங், என்ன இது, பஞ்சு பறக்குது?"

"பனிங்க. ஸ்னோ. எஃபெக்ட்" என்றார் எம்.டி.

"கறுப்புத் துணி மேல வெள்ளைப் பஞ்சு உளுந்தா சரக்கே ரிஜெக்ட்டுங்க. அதைப் போயி பையருக்குக் காட்டறதுங்களா?"

முதலாளியும் துண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் சரியில்லை. "நம்ம கம்பெனியில பஞ்சு பறக்குதுன்னு நாமளே சொன்னாப்ல ஆயிரும். வேண்டாமுங்க."

யாரிடமும் கேட்கவில்லை. என் பக்கத்தைத் திறந்தேன். மாஸ்டரிடம் கையை மவுஸ் மேல் வைக்கச் சொன்னேன். இந்த ஓரம், அந்த ஓரம், மறுபடி இந்த ஓரம். வெகுநேரம் துண்டுக்குள்ளேயே இருந்தார்.

"இருவது வருசமா இதைச் சொல்றதுக்குத்தானுங்க தொண்டத்தண்ணி வத்துது."

முதலாளி சரி என்றுவிட்டார். உடனே எம்.டி.: "நாந்தாங்க ஐடியா குடுத்தேன். சிங்கப்பூர்ல பாத்த இன்ஸ்பிரேஷன்." சிரித்துக்கொண்டே சொன்னார். நான் நிற்கிறேன், இரண்டடி தள்ளி. ஜெயந்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.

பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஓகே போடும்போது மாஸ்டர் இன்னொன்று கேட்டார். அவர்கள் சாயப்பட்டறை லேபில் ஷேடு கலக்கிய ஆள்தான் துண்டின் பின்னால் கையெழுத்துப் போடவேண்டுமாம், முதலாளி இல்லை. எம்.டி. பேனாவை எடுத்தார்.

"நீங்க இல்லீங்க. செஞ்ச கை போடோணும்."

எம்.டி. சிரித்து, "அதுக்கென்ன, போடும்மா" என்றார். போட்டேன். சூ. கோமதி, தேதியோடு.

12-7-99, திங்கள்

பக்கம் இன்டர்நெட்டில் ஏறிவிட்டது. அடியில் பொடி எழுத்தில் 'கருத்தும் வடிவமும்' என்று போட்டு எம்.டி.யின் முழுப்பெயர், இனிஷியலோடு. அவரே உட்கார்ந்து சேர்த்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கோடு இழுக்கத் தெரியாத மனுஷன் இதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நேராகப் போய்க் கேட்டேன். என் பெயரும் வேண்டும் சார்.

"உள்ள யாரு செஞ்சா என்னம்மா, வெளிய கம்பெனிதானே தெரியோணும்."

"அப்ப உங்க பேரு எதுக்குங்க சார்?"

"நாந்தானே கம்பெனி."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கத்தினேன், பாவம். "சம்பளம் வருதில்ல, உடு கண்ணு" என்றாள். சம்பளத்தைப் பற்றி யார் பேசினார்கள்? நான் கண்டுபிடித்தேன். அது என்னுடையது. அவ்வளவுதான்.

தைக்கக் கொடுத்த ஜாக்கெட் இன்னும் வரவில்லை.

13-7-99, செவ்வாய்

மறுபடி சாரல். பதினொரு மணிக்குத் திருப்பூர் முதலாளியிடமிருந்து போன். ஜெர்மனி பையர் பக்கத்தைத் திறந்து பார்த்தாராம், 43ஆம் நம்பர் மெரூன் அவருக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் தெரிகிறதாம். முதலாளியின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பையருடைய மானிட்டர் பழசாக இருக்கும், 256 கலர்தான் காட்டும். பேசிப் புரியவைக்கிற விஷயம்.

எம்.டி. போனைக் காதில் வைத்துக்கொண்டே அலமாரியைத் திறந்தார். சனிக்கிழமைப் பிரிண்டை எடுத்தார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் அந்தப் பொண்ணு வேலை. கையெழுத்தே போட்டிருக்குது, பாருங்க."

போனிலேயே பாருங்க என்கிறார். பிறகு ரிசீவரை என் பக்கம் நீட்டினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் நிதானமாக எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

"ஆமாங்க. நாந்தானுங்க செஞ்சேன். சொல்லுங்க."