நஞ்சிக்கு நீ அனுப்பிய பேஸ்ட்

சரஸ்வதிபுரம், மைசூர்
16.11.1996

சிரஞ்சீவி பாச்சுவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கடாட்சத்தில் இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். உன் நாயும் சௌக்கியம், அதன் சௌக்கியத்துக்காக நாங்கள் படுகிற பாட்டைத்தான் இதில் எழுதப்போகிறேன். அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வழக்கமாக அடியில் அப்பா எழுத நாலு விரற்கடை இடம் விடுவேன், இந்தத் தடவை விடவில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் நடுவில் தாண்டாமல் முழுவதும் படி, நீ முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படிக்கிறவன் என்பது எனக்குத் தெரியாதா.

நஞ்சன்கூடு ஸ்டேஷனில் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, அதற்கு நஞ்சி என்று பேரும் வைத்து, நாலே மாதம் இருக்கட்டும் அம்மா என்று சொன்னவன் நீ. பதினொரு வருஷம் ஆகிறது. நீ விமானம் ஏறிவிட்டாய், அது என் காலடியில் கிடக்கிறது. ஆவணி மாதம் மேல்கோட்டையிலிருந்து உன் கமலம்மாள் அத்தை வந்து ஹாலில் உட்கார்ந்தாள், இது அவள் முகத்துக்கு நேரே போய் ஒரு கொட்டாவி விட்டது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆத்துல எங்கேயோ எலி செத்துக் கிடக்கு ஆண்டாள், பீரோக்குப் பின்னால பாரு என்றாள். உடனே உன் அப்பா பீரோவை நகர்த்தினார், கட்டிலை நகர்த்தினார், அறுபத்திரண்டு வயசில் பரண்மேல் ஏறி டார்ச் அடித்துத் தேடினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்தச் செத்த எலி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் நாயின் வாயிலிருந்துதான் வருகிறது என்று நான் சொன்னதற்கு அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, நாய்ன்னா நாய் வாசனைதான் வரும், தாழம்பூவா மணக்கும் என்று என்மேல் பாய்ந்தார்.

பாய்ந்தாரே தவிர அன்றிலிருந்து ரகசியமாக வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். தயிர்சாதத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டார். துளசித் தீர்த்தம் கொடுத்தார். கிராம்பைப் பொடி பண்ணி நெய்யில் குழைத்து நாக்கில் தடவினார். ஒருநாள் காலையில் தான் பல் தேய்க்கிற பல்பொடியை எடுத்து அதன் வாயில் ஒரு கை தேய்த்துவிட்டார். அது உதறிக்கொண்டு வாயெல்லாம் வெள்ளை நுரையோடு தெருவில் இறங்கி ஓடியது. பக்கத்து வீட்டு கௌரம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் ஹுச்சு நாயி, ஹுச்சு நாயி என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். வெறிநாய் என்ற பேச்சு எட்டாவது கிராஸ் வரைக்கும் போய்விட்டது. அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிறார், பல்பொடிதான், பல்பொடிதான் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொல்லிக்கொண்டு. எனக்கு மானமே போயிற்று. பால் ஊற்றுகிற தேவம்மா ஒரு வாரத்துக்கு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொம்பை நீட்டச் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் என் பேச்சைக் கேட்டு ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கொள்ளேகால் பக்கத்து மனுஷர், சித்தையன் என்று பேர், நல்ல மாதிரி. வாயைத் திறந்து பார்த்தவர் தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பல்லெல்லாம் கல் மாதிரி காரை, ஈறில் சீழ், ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. என்ன சாப்பிடும் என்று கேட்டார். அப்பா பெருமையாக ஒப்பித்தார், காலையில் சர்க்கரை போட்ட காபி ஒரு தட்டு, மத்தியானம் தயிர்சாதம், சாயங்காலம் ரெண்டு பிஸ்கட்டு, சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், ஏகாதசிக்கு என்னோட அதுவும் பாலும் பழமும்தான் என்று. டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஏனுங்க சாமி, நாய்க்கு எதுக்குங்க சக்கரைப் பொங்கல், நான் வைத்தியம் பாக்கறது நாய்க்குங்களா மடத்து சாமிக்குங்களா என்றார். நான் மட்டும் சிரித்தேன். கடிக்க எலும்பு ஏதாவது கொடுப்பீர்களா என்று அவர் கேட்டதுதான் தாமதம், உன் அப்பா எழுந்து வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். முட்டை வேகிற வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர், உனக்குத் தெரியாததா.

மரத்துப்போக ஊசி போட்டு அந்த ஆடுகிற பல்லை மட்டும் பிடுங்கினார், சீழுக்கு மாத்திரை கொடுத்தார். என்னிடம் சொன்னதைக் கேள். மிச்சப் பல்லை நாள் தவறாமல் தேய்த்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். மனுஷப் பேஸ்ட் கூடாதாம், அது துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுமாம். விட்டுவிட்டால் மறுபடி சீழ் வைக்கும், அப்போது மயக்கம் கொடுத்துத்தான் எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டும், இதற்கு இருதயத்தில் சத்தம் சரியில்லை, மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேங்கம்மா என்றார். இதையெல்லாம் மூன்று பக்கம் உனக்கு எழுதினேன். நீ நாலு வரி பதில் போட்டாய். நாய்களுக்கென்றே செய்த பேஸ்ட் அனுப்புகிறேன் என்பது இரண்டு வரி, இங்கேயெல்லாம் இந்த வயசில் ஊசி போட்டுத் தூங்கப் பண்ணிவிடுவார்கள், நீங்களும் யோசியுங்கள் என்பது இரண்டு வரி. நன்றாக யோசித்தோம். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இனிமேல் கடிதத்தில் எதையாவது எழுதுவதற்கு முன்னால் இங்கே யார் படிப்பார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்.

பேஸ்ட் வருகிற வரைக்கும் விரலில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தேன். இரண்டு தடவை கடித்தது. அப்பா அதன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, உன் கையில பெருங்காய வாசனை, அதுதான் அதுக்குப் பிடிக்கல என்கிறார். கடி வாங்கியது நான், சமாதானம் அதற்கு. தசராவுக்கு உன் சிநேகிதன் பிரசாந்த் வந்து பார்சலைக் கொடுத்துவிட்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனான், நல்ல பிள்ளை, அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், நீ அந்த நஞ்சன்கூடு ஜாதகத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. பேஸ்ட்டை அப்பாதான் பிரித்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எப்படி உபயோகிப்பது என்று ஒரு எழுத்து விடாமல் படித்தார். மறுநாள் பார்த்தால் கட்டைவிரலில் துணிக்கட்டு. கேட்டால் சவரம் பண்ணும்போது பிளேடு பட்டுவிட்டதாம். கன்னத்தைச் சவரம் பண்ணுகிறவருக்குக் கட்டைவிரல் எங்கே குறுக்கே வந்தது என்று சத்தம் போட்டேன். அன்றிலிருந்து அந்தப் பேஸ்ட் வந்த காலிப் பெட்டி எங்கே, எங்கே என்று என் பிராணனை வாங்கினார். காலிப் பெட்டிக்கு என்ன அவசரம், எங்கேயாவது இருக்கும் என்று நானும் எரிந்து விழுந்தேன். இன்னொரு புதுச் சட்டம் வேறு, குளித்து சந்தி பண்ணின பிறகு நாயைத் தொடுவதில்லை, தேய்ப்பதெல்லாம் விடியற்காலையிலேயே, தேய்த்த கையோடு நானும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தளிகை பண்ண வேண்டும் என்றார். ஐப்பசிக் குளிரில் தினமும் தலைக்கு ஸ்நானம், இருமல் வந்ததுதான் மிச்சம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பேஸ்ட் வந்த பிறகு நஞ்சி வேறு நாயாகிவிட்டது. பேஸ்ட் ட்யூபின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டால் போதும், நொண்டிக் காலோடு ஓடிவந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடும். அப்பா தாடையைப் பிடிப்பார், நான் தேய்ப்பேன். எச்சில் ஒழுக நக்கும். இருபது நாளில் நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. சித்தையன் பார்த்துவிட்டு, ஈறு நல்லா இருக்குதுங்க, இப்படியே உடாமப் பண்ணுங்க, மயக்க ஊசி வேண்டியதில்லீங்க என்றார். அப்பா ஆட்டோவில் வழியெல்லாம் மேலே போட்டிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு மறுநாள் கௌரம்மாவின் பெண் மேகனா பட்சணம் வாங்கிக்கொள்ள வந்தாள், பி.யு.சி. படிக்கிறாள், இங்கிலீஷ் நன்றாக வரும். நான் பெருமாள் அலமாரியில் விளக்குக்குத் திரி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, அந்தப் பெட்டியை ஏன் தேவர் மனேல, சாமி பக்கத்துல இட்டிருக்கீங்க, அது கோழி ருசி பேஸ்ட் அல்லவா, மேலேயே எழுதியிருக்கே என்றாள். ஆமாம் பாச்சு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், அழகான அளவான பெட்டியாக இருக்கிறதே என்று நான்தான் திரி போட்டு வைத்திருந்தேன், அப்பா கேட்டபோது அது நினைவுக்கே வரவில்லை. மூன்று வாரம் பெருமாள் காலடியில் கோழி இருந்திருக்கிறது. அங்கே உனக்குப் புதினா, ஏலக்காய் என்று வேறு எதுவும் கிடைக்கவில்லையா, வாங்குகிறபோது படித்துப் பார்க்க உனக்குக் கண் இல்லையா. அலமாரி முழுவதையும் அலம்பித் தள்ளினேன், உன்னை என்னென்ன திட்டினேன் என்பதை இதில் எழுதமுடியாது. பேஸ்ட்டைக் குப்பையில் போட வேண்டியது, அப்பா காதில் விழுவதற்குள் போட வேண்டியது என்று கொல்லையிலிருந்து ட்யூபை எடுத்தேன்.

எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன், ட்யூபில் எல்லா எழுத்தும் இருக்கிறது, ஒரே ஒரு வரி மட்டும் இல்லை. பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறது. பெட்டியில் அந்த வார்த்தை இருக்கிற அதே இடம். அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கட்டைவிரலை அறுத்துக்கொண்டு சுரண்டியிருக்கிறார், தெரிந்துதான் பெட்டியைத் தேடியிருக்கிறார், தெரிந்துதான் என்னைக் குளிக்காமல் தளிகை பண்ணவிடவில்லை. எனக்குத் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவேன், எறிந்தால் நாய் போய்விடும் என்று பயந்திருக்கிறார். எலும்பு என்ற வார்த்தைக்கு எழுந்து போன மனுஷர் இருபது நாளாக தினமும் அந்தத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளை இவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது, உடனே அழுகையும் வந்தது. குப்பைக்கூடை பக்கத்திலேயே நின்றேன். ட்யூப் என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு நஞ்சி வந்து எதிரில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தது. அன்று இரண்டாம் தடவையும் தேய்த்துவிட்டுத் தலைக்குக் குளித்தேன். மேகனாவை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி இன்னும் நாலு முறுக்கு கொடுத்தனுப்பினேன். பெட்டியைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் பெட்டியைத் தேடுவதை நிறுத்தவில்லை, தேடட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஜாதகத்துக்குப் பதில் எழுது. எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்கு எழுதிவிடாதே, போனிலும் உளறாதே. ட்யூபை அமுக்கினால் இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும், அதனால் தையில் யாராவது ஊருக்கு வருவார்கள் என்று காத்திருக்காமல் தபாலிலேயே இரண்டு அனுப்பு. அதே ருசிதான் வேண்டும், புத்திசாலித்தனமாக மாற்றி வாங்காதே. பெட்டியை அங்கேயே தூக்கிப் போட்டுவிடு, அந்த ஒரு வரியையும் நீயே சுரண்டிவிட்டு அனுப்பு, அப்பாவுக்கு இன்னும் ஒரு கட்டைவிரல்தான் பாக்கி.

உன்னைப் பெருமாள் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

உன் அம்மா
ஆண்டாள்